பழம் முன்னாடியா, பனை முன்னாடியா?

சின்னதா ஒரு கணக்கு. பல், பழம், பள்ளம், பறவை, பனை. இந்த அஞ்சு சொல்லையும் அகர வரிசையில் அடுக்கச் சொன்னா நாம எப்படி அடுக்குவோம்? மேலே எழுதியிருக்கிற அதே வரிசைதான். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று ஒண்ணாம் வகுப்பில் ஒப்பிச்சது மறந்தா போயிடும்?

இதே அஞ்சையும் வெறும் எழுத்தெண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற ஒரு நிரலிடம் கொடுங்க. அது இப்படித் திருப்பித் தரும்: பனை, பறவை, பல், பள்ளம், பழம். கடைசியில் நிக்க வேண்டிய பனை முதல் ஆளா வந்து நிக்குது. ரெண்டாவதா இருந்த பழம் கடைசிக்குப் போயாச்சு.

"ஏதோ பக்-ப்பா, விடு"ன்னு போயிடலாம். ஆனா இது பக் இல்லை மக்களே. நிரல் தனக்குச் சொன்னதை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. அந்தக் கதை பஞ்ச் கார்டில் ஆரம்பிச்சு, மெயின்ஃபிரேம் வழியா, திஸ்கி, யூனிகோடு எல்லாம் தாண்டி, எங்க பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பேரில் வந்து முட்டிக்கிட்டு நிக்குது.

எழுத்துக்கு நம்பர் போட்டது யாரு?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். சார்ட் பண்றதுன்னா அந்த எண்களைச் சின்னதிலிருந்து பெரிசுக்கு அடுக்கறது. அப்போ எந்த எழுத்து முன்னாடி வரணும்ங்கறதை, நம்பர் போட்ட ஆள் என்னிக்கோ முடிவு பண்ணிட்டார்.

முதல்ல நம்பர் போட்டவங்க அட்டையில் ஓட்டை போட்டவங்க. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். பிற்பாடு அட்டையில் ஆங்கில எழுத்து குறிக்க ஒரு முறை வந்தது. மேலே ஒரு ஓட்டை, கீழே 1 முதல் 9-க்குள் ஒரு ஓட்டை. ஏ முதல் ஐ வரை 9 எழுத்து ஒரு கூட்டம், ஜே முதல் ஆர் வரை 9 எழுத்து அடுத்த கூட்டம், எஸ் முதல் இசட் வரை மிச்சம் 8.

1964 ஏப்ரல் 7-ல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360-ஐ அறிவிச்சது. அதில் வந்த எப்சிடிக் என்ற குறிமுறை இந்த அட்டைக் கூட்டத்தை அப்படியே தூக்கிக்கிட்டு வந்தது. அதில் ஏ-க்கு 193, ஐ-க்கு 201. அடுத்து ஜே-க்கு 202 இருக்கணும் இல்லையா? இல்லை, 209. ஆர் 217-ல் முடிஞ்சு எஸ் 226-ல் தொடங்கும். நடுவில் எழுத்தே இல்லாத பள்ளம். அட்டை மறைஞ்சு போனாலும் ஓட்டையோட தழும்பு எண்ணில் தங்கிடுச்சு. இன்னிக்கும் ஐபிஎம் மெயின்ஃபிரேமில் அதே எண்கள்தான்.

இன்னொரு பக்கம் 1963-ல் ஆஸ்கி வந்தது. அதில் ஏ-க்கு 65, சுழியத்துக்கு 48. அதாவது முதல்ல இலக்கங்கள், அப்புறம் பெரிய எழுத்து, அப்புறம் சின்ன எழுத்து. எப்சிடிக்கில் எல்லாம் தலைகீழ். முதல்ல சின்ன எழுத்து, அப்புறம் பெரிய எழுத்து, கடைசியில்தான் இலக்கங்கள் (சுழியம் 240). ஆகவே 'ஏ5', '25' என்ற ரெண்டு குறியீட்டை அடுக்கினால், மெயின்ஃபிரேம் ஏ5-ஐ முதல்ல வைக்கும், நம்ம மேசைக் கம்ப்யூட்டர் 25-ஐ முதல்ல வைக்கும். ரெண்டுமே சரி. ஆனா ரெண்டும் வேற வேற.

மொய் நோட்டு சொல்ற பாடம்

"வரிசை கொஞ்சம் மாறினா என்னப்பா குடி முழுகிடுமா?"ன்னு கேக்கறீங்களா? முழுகும்.

கல்யாண வீட்டில் ரெண்டு மொய் நோட்டு இருக்குன்னு வைங்க. ஒண்ணு போன விசேஷத்தோடது, இன்னொண்ணு இந்த விசேஷத்தோடது. போன தடவை செஞ்சவங்க இந்தத் தடவையும் செஞ்சாங்களான்னு பார்க்கணும். ரெண்டு நோட்டும் பேர் வரிசையில் இருந்தா வேலை சுலபம். ஆளுக்கு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு மேலிருந்து கீழே விரலை வெச்சுக்கிட்டே வரலாம். இந்த நோட்டில் 'முத்து', அந்த நோட்டில் 'ராமு'ன்னா, அந்த நோட்டில் முத்து இல்லைன்னு முடிவு பண்ணி இந்த விரலை மட்டும் கீழே நகர்த்தலாம். திரும்பிப் போய்ப் பார்க்கவே வேண்டாம்.

பெரிய பெரிய ஃபைல்களை மெயின்ஃபிரேம் ஒப்பிடுவதும் இதே முறையில்தான். வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல்னு எங்க பார்த்தாலும் ரெண்டு ஃபைலை சார்ட் பண்ணி, பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ஒரே ஓட்டமா ஒப்பிடுவாங்க. 1960-களில் கம்ப்யூட்டர் ஓடுகிற நேரத்தில் கால் பங்குக்கும் மேல் சார்ட்டுக்கே போனதா தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டதை டொனால்ட் க்னூத் தன்னோட 1973-ஆம் வருஷப் புத்தகத்தில் குறிப்பிட்டிருக்கார்.

இப்போ அந்த ரெண்டு நோட்டில் ஒண்ணு ஒரு வரிசையிலும் இன்னொண்ணு வேறொரு வரிசையிலும் இருந்தா? விரல் தாண்டிப் போயிடும். ஆள் நோட்டில் இருப்பார். ஆனா "இல்லை"ன்னு பதில் வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரல் பாதியில் நிக்காது, ரிப்போர்ட் அழகா அச்சாகி வரும். ஒரு பேர் மட்டும் காணாமப் போயிருக்கும். அந்தப் பேர் ஒரு பென்ஷன்காரரோடதா இருந்தா அந்த மாசம் அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

256 கட்டமும் ரெண்டு வழியும்

இதுக்கு அந்தக் காலத்து ஆளுங்க கண்டுபிடிச்ச வைத்தியம் ரொம்ப எளிசு. 256 கட்டம் உள்ள ஒரு அட்டவணை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புதானே இருக்க முடியும்? ஒவ்வொரு பழைய மதிப்புக்கும் நேரா ஒரு புது மதிப்பை எழுதி வெச்சுட்டா போதும். சிஸ்டம்/360-ல் இதுக்குன்னே 'டிரான்ஸ்லேட்' என்று ஒரு தனிக் கட்டளை இருந்தது. ஒரு பைட்டை எடுக்கும், அந்த எண்ணுள்ள கட்டத்துக்குப் போகும், அங்கே இருக்கிறதைக் கொண்டு வந்து இதுக்குப் பதிலா வைக்கும். கேள்வி கேக்காது, யோசிக்காது.

ஐபிஎம்மின் டிஎஃப்சார்ட் நிரலில் இந்த அட்டவணைக்கு ஆல்ட்சீக் என்று பேர். மாற்று வரிசை என்று அர்த்தம். முழு அட்டவணையையும் எழுத வேண்டாம், மாறுகிறதை மட்டும் சொன்னா போதும். ஆல்ட்சீக் கோட்=(0040) என்று எழுதினா, பதினாறடிமான எண்ணில் 00 இருக்கிற இடத்தை 40-ஆக எடுத்துக்கோ என்று பொருள். 40 என்பது எப்சிடிக்கில் வெற்றிடம். ரெக்கார்டுக்குள் ஒளிஞ்சிருக்கிற சுழிய பைட்டுகளை வெற்றிடமாக்க எல்லாரும் செய்கிற வேலை இது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கு. இந்த அட்டவணையை ரெண்டு விதமா பயன்படுத்தலாம்.

முதல் வழி: இன்ரெக் அல்லது அவுட்ரெக் கட்டளையில் டிரான்=ஆல்ட்சீக் என்று கொடுக்கறது. இதில் ரெக்கார்டே மாறிடும். வெளியே வருகிற ஃபைலில் பழைய மதிப்பு இருக்காது.

ரெண்டாவது வழி: சார்ட் கட்டளையில் அந்தப் புலத்தோட வகையை ஏக்யூ என்று கொடுக்கறது. இதில் ரெக்கார்டு தொடப்படாது. ஒப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் அட்டவணை வழியா பார்ப்பாங்க. வரிசை மாறும், எழுத்து அப்படியே இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கிற மாதிரி.

ஆவணத்தை மாத்தறதா, பார்க்கிற கண்ணாடியை மாத்தறதா? இந்த ஒரு கேள்வியை மனசில் வெச்சுக்கோங்க. தமிழ் கம்ப்யூட்டருக்குள்ளே வந்த கதை பூரா இந்தக் கேள்வியைச் சுத்தித்தான் ஓடுது.

மெயின்ஃபிரேம் வந்தது, தமிழ் வரலை

1973-ல் ஐஐடி மெட்ராஸுக்கு ஜெர்மனி உதவியோட ஐபிஎம் 370/155 வந்தது. அந்த இயந்திரத்தோட 256 கட்டத்தில் தமிழுக்குன்னு ஒரு கட்டமும் கிடையாது. தமிழ்ப் பேர் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் உள்ளே போச்சு.

அப்படிப் போனப்பவே முதல் மொழிபெயர்ப்பு நடந்தாச்சு. ல, ள, ழ மூணுக்கும் எல் என்ற ஒரே எழுத்து. ர, ற ரெண்டுக்கும் ஆர். ந, ன, ண மூணுக்கும் என். அட்டவணையில் மூணு கட்டத்திலிருந்து ஒரே மதிப்புக்கு அம்புக்குறி போட்டா, திரும்பி வர வழி கிடையாது. எல்-ஐப் பார்த்து அது முதல்ல ல-வா, ள-வா, ழ-வான்னு எந்த நிரலாலும் சொல்ல முடியாது. ழ-வுக்கு மட்டும் சில பேர் இசட் ஹெச் போட்டாங்க, சில பேர் எல்-லோடவே நிறுத்திட்டாங்க. புத்தூரில் த்தூ-வுக்கு ரெண்டு டி-யா, டி ஹெச்-சா என்ற சண்டை இன்னும் பெயர்ப் பலகைகளில் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பேர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை போட்டது. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊர் ஒண்ணுதான், பேர் ஒண்ணுதான். ரெக்கார்டில் மாத்தறதுன்னு வந்தா எவ்வளவு இழுபறி பாருங்க.

னகரம் எப்படி முன்னாடி போச்சு?

தொல்காப்பியம் தமிழ் எழுத்தை 30 என்கிறது. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்கிறது. ன ஏன் கடைசி? தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் ழ, ள, ற, ன நாலும் தமிழோட தேவைக்காகத் தனியா சேர்க்கப்பட்ட எழுத்துகள். பிராகிருதத்துக்கான பிராமி வரிசை ய, ர, ல, வ என்று போகும். சேர்த்த நாலும் அதுக்குப் பின்னாடி ழ, ள, ற, ன என்று வரிசை கட்டி நிக்குது. ஒண்ணாம் வகுப்பில் நாம ஒப்பிச்ச வரிசைக்குள்ள ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலான ஒரு வரலாறு ஒளிஞ்சிருக்கு.

1980-களில் இந்தியாவில் எல்லா இந்திய எழுத்துக்கும் சேர்த்து ஒரே குறிமுறை செய்தாங்க. இஸ்கி என்று பேர். 1988-ல் ஒரு வடிவம், 1991-ல் இந்தியத் தர நிர்ணயமா இன்னொரு வடிவம். அதோட யோசனை ரொம்ப புத்திசாலித்தனமானது. எல்லா எழுத்து முறையிலும் ஒரே ஒலிக்கு ஒரே இடம். இந்தி 'க'வும் தமிழ் 'க'வும் மலையாள 'க'வும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும். அப்படி வெச்சா ஒரு எழுத்து முறையிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தறது ஒரு நொடி வேலை.

ஆனா ஒரு விலை இருந்தது. பொது வரிசை தேவநாகரி வரிசை. அதில் தமிழோட தனி எழுத்துகளை எங்கே வைக்கிறது? அதது சொந்தக்காரன் பக்கத்தில் உட்கார வெச்சாங்க. ந-வுக்குப் பக்கத்தில் ன. ர-வுக்குப் பக்கத்தில் ற. ல-வுக்குப் பக்கத்தில் ள, அதுக்கும் பக்கத்தில் ழ.

1991 அக்டோபரில் யூனிகோடு முதல் பதிப்பு வந்தப்போ இந்திய எழுத்துகளுக்கு 1988 இஸ்கி அமைப்பையே எடுத்துக்கிட்டாங்க. அதனால் இன்னிக்கு ந 2984, ன 2985, ப 2986. ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. தமிழ் க 2965, தேவநாகரி க 2325. வித்தியாசம் 640. வேற எந்த எழுத்தை எடுத்தாலும், ரெண்டிலும் இருக்கிறதா இருந்தா, அதே 640 வித்தியாசம்தான். எழுத்து மாத்தறதுக்கு இதைவிட அருமையான அமைப்பு கிடையாது. அகராதி வரிசைக்கு மட்டும் இது ஆகாது.

நம்ம பனை முதல் ஆளா வந்து நின்ன ரகசியம் இதுதான்! ன 2985, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996. எண் வரிசையில் பனை, பறவை, பல், பள்ளம், பழம். நிரல் மேல ஒரு தப்பும் இல்லை.

இன்னும் ரெண்டு விஷயம் சேர்த்துக்கோங்க. ஜ-வை ச-வுக்குப் பக்கத்தில் வெச்சதால், எண் வரிசையில் ராஜபாளையம் ராமநாதபுரத்துக்கு முன்னாடி வரும். கிரந்த எழுத்தைக் கடைசியில் வைக்கிற நம்ம வழக்கப்படி பின்னாடி வரணும். அப்புறம் புள்ளி. அதோட எண் 3021. மத்த உயிர்க்குறிகளுக்கும் பின்னாடி. அதனால் எண் வரிசையில் பகல் முதல்ல, பக்கம் அப்புறம். நம்ம அகராதிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்து முன்னாடி, ஆகவே பக்கம்தான் முதல்ல.

திஸ்கி காலத்துக் கூத்து

யூனிகோடு 1991-லேயே வந்தாச்சு. ஆனா அதைக் காட்டத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் நம்ம வீட்டுக்கு வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு அட்டவணை. இந்தத் தளத்துக்கு இந்த எழுத்துருவை இறக்கு, அந்தத் தளத்துக்கு அந்த எழுத்துருவை இறக்குன்னு அலைஞ்ச தலைமுறை அது.

1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தின தமிழ்நெட்97 மாநாடு. அதே காலத்தில் இணைய மடலாடலில் கூடிப் பேசி உருவானது திஸ்கி. கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் போன்றவங்க முன்னால நின்னு செய்த வேலை. 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைத் திஸ்கியில் ஏத்த ஆரம்பிச்சது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு. தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் குறிமுறைகளும் அங்கிருந்து வந்தவை.

திஸ்கி கீழ்ப்பாதியில் ஆங்கிலம், மேல்பாதியில் தமிழ். எல்லாம் அதே 256 கட்டத்துக்குள்ள. அதில் ழ, ள, ற, ன நம்ம வரிசையிலேயே இருந்தது. அப்போ சார்ட் சரியா வருமே? வராது. திஸ்கியில் எழுத்தைப் பார்க்கிற வரிசையில் சேமிச்சாங்க. 'கோ' என்றால் முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கொம்போட எண் அகரத்தோட எண்ணைவிடச் சின்னது. அதனால் எண் வரிசையில் கோவில்பட்டி அருப்புக்கோட்டைக்கு முன்னாடி வந்து நிக்கும் :-)

இன்னொரு கூத்து 'இ'. அதுக்குக் கொடுத்த எண் 173. ஐரோப்பியக் குறிமுறையில் 173 என்பது கண்ணுக்குத் தெரியாத மென்கோடு. சில மென்பொருள்கள் அதை மரியாதையா மறைச்சுடும். இலக்கியம் என்று எழுதினா 'லக்கியம்' என்று வரும். அதனால் இ-க்கு 254 என்று இன்னொரு இடமும் கொடுக்க வேண்டி வந்தது. ஒரே எழுத்து, ரெண்டு எண்.

திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாத்தணும்னா 256 கட்ட அட்டவணை பத்தாது. திஸ்கியில் 'கு' ஒரு பைட், யூனிகோடில் க-வும் உகரக் குறியும் என்று ரெண்டு எண். 'கோ' மூணு பைட், யூனிகோடில் ரெண்டு எண், அதுவும் வேற வரிசையில். ஒண்ணுக்கு ஒண்ணு என்ற கணக்கு இங்கே உடையுது. முன்னாடி பின்னாடி பார்த்து, கொம்பை எடுத்துப் பின்னால போட்டு, காலோட சேர்த்து மாத்தணும். சுரதாவோட பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் இந்த வேலையைத்தான் செய்தன. ஒட்டினா மாத்திக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள இருந்த அட்டவணை இல்லைன்னா, பழைய மடல்களும் இதழ்களும் இன்னிக்கு வெறும் கிறுக்கல்.

கௌரி, கெளரி, ஸ்ரீ

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாப் போச்சா? அளவில் இருந்து ஆரம்பிப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் நாம எண்ணினா 8 எழுத்து. ஆங்கிலத்தில் 14 எழுத்து, எப்சிடிக்கில் 14 பைட். திஸ்கியில் 10 பைட். யூனிகோடில் 18 எண், யுடிஎஃப்-8 வடிவில் 54 பைட். ஊர்ப் பேருக்கு 40 பைட் என்று அளந்து வெச்ச பழைய ரெக்கார்டில் இதைப் போட்டா 'ஸ்ரீவில்லிபுத' வரைக்கும் முழுசா நுழையும். அதுக்கப்புறம் ஒரு உடைஞ்ச பைட் தொங்கும்.

பழைய ஆல்ட்சீக் அட்டவணையை இதன் மேல ஓட்டலாமா? கூடாது. யுடிஎஃப்-8-ல் ன-வோட மூணாவது பைட் 169. தமிழ் எண் ௩-க்கும் மூணாவது பைட் அதே 169. ன-வை நகர்த்தப் போனா ௩-ம் கூடவே நகரும். ஒத்தை பைட் அட்டவணைக்கு அது யாரோட பைட்டுன்னு தெரியாது.

அடுத்தது கௌரி. சரியா எழுதினா க, அடுத்து ஔகாரக் குறி. ஆனா நிறைய பேர் கெ தட்டி, அடுத்து ள தட்டிடுவாங்க. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எண்ணில் வேற ஆள். சரியான கௌரி கோ-வுக்கு அப்புறம் வருவார், மத்த கெளரி கெ வரிசையில் போய் உட்காருவார். ஒரே ஃபைலில் ரெண்டு வகையும் கலந்திருந்தா, தேடறவங்களுக்கு ஒரு கௌரிதான் கிடைப்பார்.

இதுக்கெல்லாம் சிகரம் ஸ்ரீ. திஸ்கியில் அதுக்கு ஒரே எண், ஒரே கட்டம், வேலை முடிஞ்சது. யூனிகோடில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு எண் சேர்த்து எழுதினாங்க. 2005-ல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து புதுசா சேர்ந்தது. உச்சரிப்புப்படி ஸ்ரீ-யோட முதல் எழுத்து அதுதான். அதனால் ஶ-வில் தொடங்குகிற வரிசையே சரி என்று பரிந்துரைச்சாங்க. ஆனா அதுக்குள்ள ஊர் பூரா ஸ-வில் அடிச்சாச்சு. எழுத்துருக்கள் ரெண்டையும் ஒரே உருவமாக் காட்டும். எண்ணில் மட்டும் ஒண்ணு 2998-ல் தொடங்கும், இன்னொண்ணு 3000-ல். யூனிகோடின் இயல்பாக்க விதிகள் 'கொ'வை எப்படிப் பிரிச்சு அடிச்சாலும் ஒண்ணாச் சேர்த்துடும். இந்த ரெண்டு ஸ்ரீ-யையும் மட்டும் சேர்க்காது.

ஒரு பட்டியலில் ஸ்ரீவைகுண்டத்தை ஶ-விலும் ஸ்ரீபெரும்புதூரை ஸ-விலும் அடிச்சிருந்தா, வைகுண்டம் முன்னாடி வந்துடும். உத்துப் பார்த்தாலும் காரணம் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருத்தரோட ஊர் ஒரு ஃபைலில் ஒரு மாதிரியும் இன்னொரு ஃபைலில் வேற மாதிரியும் இருந்தா? மொய் நோட்டுக் கதைதான். ஆண்டாளுக்கே தெரியாது அவர் எந்த ஊர்னு.

கண்ணாடியா, கத்தரிக்கோலா?

இப்போ அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். ஆவணத்தை மாத்தறதா, பார்க்கிற கண்ணாடியை மாத்தறதா?

முதல் வழிக்குத் தமிழ்நாட்டில் ஒரு பேர் உண்டு. டேஸ்16. தமிழோட எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண், அதுவும் நம்ம வரிசையிலேயே. சும்மா எண்ணை அடுக்கினாலே அகராதி வரிசை வந்துடும். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், யூனிகோடு கைகொடுக்காத இடத்துக்கு டேஸ்16-ஐ மாற்றாகவும் ஏத்துக்கிட்டது. அதன் நியாயம் எனக்குப் புரியுது. தமிழுக்கு உயிர்மெய் ஒரு எழுத்துதான், ரெண்டு துண்டு இல்லை. ஆனா அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கு. அந்தப் பகுதியில் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் கட்டம். மறுபடியும் ஒரு தடவை எல்லா ஆவணத்தையும் மாத்தணும், மறுபடியும் ஒரு மாற்றி தேவை.

ரெண்டாவது வழியை யூனிகோடு அமைப்பே சொல்லுது. எழுத்தோட எண் வேற, அடுக்குகிற வரிசை வேற. வரிசைக்குன்னு தனியா ஒரு எடை அட்டவணை. அதில் ழ, ள, ற, ன என்று நம்ம வரிசைக்கு எடை கொடுத்தா போதும். ஆவணத்தைத் தொடவே வேண்டாம். மொழிக்கு மொழி அட்டவணையை மாத்திக்கலாம். தமிழ் வரிசை என்று சொல்லிக் கேட்டா, பல் முதல்ல, பனை கடைசியில். கேக்காம விட்டா எண் வரிசை.

யோசிச்சுப் பார்த்தா இது டிஎஃப்சார்ட்டின் ஏக்யூதான், 256 கட்டத்திலிருந்து வளர்ந்து பெரிசானது. ரெக்கார்டு மாதிரி ஒரு பொருளை உங்க வசதிக்காகத் திருத்தாதீங்க, உங்க வசதியைத் தனியா ஒரு அட்டவணையில் எழுதி வெச்சுக்கோங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. நாம எழுத்துருக்கு எழுத்துரு, குறிமுறைக்குக் குறிமுறை ஆவணத்தையே வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தோம். ஒவ்வொரு வெட்டிலும் ஏதோ ஒண்ணு கீழே சிந்தினது. ஒரு தடவை ழ, ஒரு தடவை இ.

மாத்தவே கூடாதுன்னு சொல்லலை. ரெண்டு ஸ்ரீ-யையும் கெளரியையும் ஒரு நாள் ஒழுங்கு பண்ணித்தான் ஆகணும். அப்படி மாத்தறப்போ மூலத்தை அப்படியே ஒரு பிரதி வைக்கணும், எதை எதுவா மாத்தினோம்ங்கற அட்டவணையையும் கூடவே வைக்கணும். அது இருந்தா தப்பு நடந்தாலும் திரும்பி வரலாம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். பழைய சீடியிலோ ஹார்ட் டிஸ்கிலோ திஸ்கியிலும் பேர் தெரியாத எழுத்துருவிலும் அடிச்ச கோப்புகள் கிடந்தா, "இனிமே இதை யார் படிக்கப் போறா"ன்னு அழிச்சுடாதீங்க. கோப்போட கூடவே அந்த எழுத்துருவையும் எடுத்து வைங்க. எந்த எண் எந்த எழுத்துன்னு அந்த எழுத்துருவுக்கு மட்டும்தான் தெரியும். அது போச்சுன்னா கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டிஸ்கி: மேலே சொன்ன அஞ்சு சொல்லை நீங்க தினமும் பயன்படுத்துகிற மென்பொருளில் போட்டு அடுக்கிப் பாருங்க. பல் முதல்ல வந்தா, அதுக்குள்ள யாரோ தமிழ் அட்டவணையை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். பனை முதல்ல வந்தா, அதுக்கு இன்னும் கண்ணாடி மாட்டலைன்னு அர்த்தம் :-)